வானம் தோண்டுவது முதல் தட்டோடு வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் புளியங்குடியில் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு சொந்த வீடு கட்டினால், வானம் தோண்டுவதில் தொடங்கிப் பால் காய்ச்சுவது வரை எட்டு, பத்து மாதம் ஓடிவிடும். அதில் கணிசமான நாட்கள் கட்டுமிடத்தில் கொத்தனாரோ சித்தாளோ இருப்பதில்லை. வேலை நின்றுவிட்டதே என்று வீட்டுக்காரர் தவிப்பார். சுவர் எத்தனை வரி ஏறியது, எத்தனை மூட்டை இறங்கியது என்று கணக்குப் பார்ப்பது எளிது. ஆனால் வீட்டின் வலிமையில் பெரும்பங்கு, ஆளில்லாத அந்த நாட்களில்தான் உருவாகிறது. அதைத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் நடக்கும் வேதிவினை. அந்த வினையை எந்த ஒப்பந்தக்காரராலும் விரட்ட முடியாது.

முதல் படி காகிதத்தில் நடக்கிறது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறையின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். அறைகளின் அளவும் சாலையிலிருந்து விட வேண்டிய இடமும் வரைபடத்தில் இருக்கும். மனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அதில் இருக்காது. அதை மண்வெட்டிதான் சொல்லும்.

மனையில் முதலில் நடப்பது நூல் பிடிப்பது. இங்கே கொத்தனார் கையாளுவது பள்ளிக்கூட வடிவியல். ஒரு நூலில் 3 அடியும் குறுக்கு நூலில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையில் 5 அடி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் மூலை நேர்கோணம். அந்த 5 அடியில் அரை அங்குலம் பிசகினால் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை விலகும். மூலையில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பாகை, 30 அடி நீளச் சுவரின் மறுமுனையில் அரை அடியாக வளர்ந்துவிடும். பல மாதம் கழித்து டைல்ஸ் பதிக்கும்போது, சுவரோரம் ஆப்பு வடிவத்தில் துண்டு வெட்ட நேர்வது இதனால்தான். 6, 8, 10 அடிகளில் இதே சோதனையைச் செய்தால் பிழை பாதியாகிறது. முழு மனையின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடா வைத்து அளந்து ஒப்பிட்டால் இன்னும் நம்பகம்.

உயரத்துக்கு டியூப் மட்டம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு மூலைகளில் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். விலையுயர்ந்த லேசர் கருவிக்கு ஈடான துல்லியம் இந்தக் குழாயில் உண்டு, ஒரு நிபந்தனையோடு: உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. குமிழி மாட்டிக்கொண்டால் இருபுற நீர்மட்டமும் சமமாகாது. அனுபவமுள்ள கொத்தனார் குறி போடுமுன் குழாயை விரலால் சுண்டிக்கொண்டே நடப்பது குமிழியைக் கிளப்பத்தான்.

பிறகு வானம். இந்த வட்டாரத்தில் மலையோரம் செம்மண்ணும் சரளையும் கூடுதல். கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் போகப் போகக் கரிசல் கூடிவரும். வீடு கட்டுகிறவருக்கு இரண்டும் வெவ்வேறு உலகம். செம்மண் நீர் பட்டாலும் பெரிதாகப் பருக்காது. கரிசலில் மாண்ட்மோரிலனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கு இடையில் நீர் புகுந்து அவற்றை விலக்கும். வறண்டால் அடுக்குகள் மறுபடி நெருங்கும். ஐப்பசி மழையில் தூக்கும், சித்திரை வெயிலில் இறங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் கரிசல் காடே இதற்குச் சாட்சி. வீட்டின் எல்லா மூலையும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கேடில்லை. ஒரு மூலையில் குளியலறைத் தண்ணீர் கசிந்து ஈரமாகவும், எதிர் மூலை வறண்டும் இருக்கும்போதுதான் சுவர் கிழிகிறது. ஆகவே கரிசலில் அஸ்திவாரம், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டி இறங்க வேண்டும். அடியில் கால் அகன்ற தூண்களைத் துளையிட்டு இறக்கும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்காகவே வளர்த்தெடுத்தது. செம்மண் மனைகளில் இந்தப் பாடு இல்லை. சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டினால் போதும் என்பது இப்பக்கத்து வழக்கம். மண்ணியல் சோதனை இல்லாத காலத்தில் உருவான விதிதான், ஆனாலும் தப்பான விதி அல்ல.

குழியின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. 9 அங்குலத்துக்கு 12 அங்குலம் உள்ள ஒரு பில்லர் 30 டன் சுமையை இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 430 டன்னுக்கு மேல் வரும். எந்த மண்ணும் அதைத் தாங்காது. அதே சுமையை ஒன்றரை மீட்டர் சதுரமான அடித்தளத்தில் பரப்பினால் அழுத்தம் 13 டன் சொச்சமாகிவிடும். நல்ல செம்மண்ணும் சரளையும் அதைத் தாங்கும். குழியில் விரிக்கும் கம்பிப் பாயும் அதன்மேல் கான்கிரீட்டும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

அந்தக் கான்கிரீட்டோடு வீட்டின் வேதியியல் தொடங்குகிறது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரை, சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். இந்தியாவில் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்தது. தென்மாவட்டத்துக்கு அது தொழிலாக வந்தது 1949-இல், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை திறந்தபோது. அங்கே ஆலை வந்ததற்குக் காரணம் பூமிக்கடியில் கிடந்த சுண்ணாம்புக் கல்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால் கெட்ட வீடுகள் ஏராளம். சேறு காய்ந்தால் இறுகும், நனைத்தால் இளகும். சிமெண்ட் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் இறுகும். சொல்லப்போனால் அங்கேதான் நன்றாக இறுகும். அதில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகவும் தகடுகளாகவும் வளர்கின்றன. கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் எனப்படும் அந்தப் பொருள் ஒன்றோடொன்று பின்னி, மணலையும் ஜல்லியையும் கவ்விப் பிடிக்கிறது. ட்ரைகால்சியம் சிலிகேட் விரைவாக வினைபுரிந்து முதல் வாரங்களின் வலிமையைத் தருகிறது; டைகால்சியம் சிலிகேட் மாதக்கணக்கில் நிதானமாக வேலை செய்கிறது. பக்கவிளைபொருளாகக் கால்சியம் ஹைட்ராக்சைடும் உருவாகிறது. அது கான்கிரீட்டின் உட்புறத்தைக் கடுமையான காரத்தன்மையில் வைத்திருப்பதால்தான் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் நின்று துருவைத் தடுக்கிறது.

இந்த வினைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 50 கிலோ மூட்டைக்கு வேதிமுறையில் பிணைவது 12 லிட்டர் போல. வினை முழுமையடைய 20 லிட்டர் போதும். ஆனால் 20 லிட்டரில் கலவை விறைப்பாக இருக்கும், கம்பிகளுக்கு இடையில் இறங்காது. எனவே 25 லிட்டர் வரை ஊற்றுகிறார்கள். ஐஎஸ் 456 விதித்தொகுப்பு, எம்20 என்ற சாதாரணக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வினையில் சேராத தண்ணீர் பின்னர் வெளியேறும்போது அது இருந்த இடம் நுண்துளையாக எஞ்சும். தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்ற இந்த உறவை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வகுத்துச் சொன்னார். கட்டுமிடத்தில் அது மீறப்படும் விதம் எளிமையானது: கலவை சட்டியில் வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று மிக்சரில் யாரோ ஒரு வாளி கூடுதலாகக் கவிழ்ப்பார். மூட்டைக்கு 10 லிட்டர் கூடினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடலாம். நல்ல கம்பெனி சிமெண்ட் வாங்கியதெல்லாம் அந்த வாளியோடு சரி.

தண்ணீரின் அளவு போலவே குணமும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்புத் தண்ணீர் போர் உள்ள இடத்தில் இது பெரிய விஷயம், ஏனென்றால் குளோரைடு கம்பியின் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிப்பது. உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கும் செலவு இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பேஸ்மெண்ட் எழுந்ததும் உள்ளே கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்குகிறார்கள். ஒரேயடியாக நிரப்பி மேலே தண்ணீர் விட்டால் மேல்மண் மட்டும் இறுகும். அரை அடி அரை அடியாகப் போட்டு இறுக்காத இடத்தில்தான் ஓரிரு ஆண்டில் தரை உள்வாங்குகிறது. பேஸ்மெண்டின் மேல் ஓடும் பெல்ட் கான்கிரீட் சுவர்களை ஒன்றாகக் கட்டுவதோடு, மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கும் தடை போடுகிறது. செங்கல்லின் நுண்துளைகள் வழியாக நீர் தானே மேலேறுவதே ஓதம். தடை இல்லாத பழைய வீடுகளில் இடுப்பு உயரம் வரை பூச்சு உதிர்ந்து கிடப்பதைக் காணலாம்.

சுவருக்கு நாட்டுச் செங்கல், சேம்பர் செங்கல், தூத்துக்குடி அனல்மின் நிலையப் பக்கமிருந்து வரும் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல் என்று தேர்வுகள் உண்டு. சூளைச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று தரவிதி அனுமதிக்கிறது. அந்தத் தாகத்தோடு அதைச் சுவரில் வைத்தால் கலவையின் நீரைச் சில நிமிடத்தில் குடித்துவிடும்; வினை பாதியில் நிற்க, கலவை வெறும் மணலாக உதிரும். செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போடுவது இதற்காக. குமிழி வருவது நின்றால் ஊறியது என்று பொருள். மேற்பரப்பு நீர் வடிந்த பிறகு கட்ட வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கி மிதக்கும்.

இந்த இடத்தில் மலைக்கு அந்தப் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைக் குப்புற வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறி முறையைப் பரப்பினார். கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் மட்டுப்படுத்தும். மலைக்கு இந்தப் பக்கம் அது பரவாததற்குக் காரணம் அறிவியல் இல்லை. உள்ளே பொள்ளலான சுவர் உறுதியில்லாதது என்ற எண்ணம்தான்.

லிண்டல் மட்டத்தில் சன்ஷேட் வருகிறது. வீட்டிலேயே கவனம் அதிகம் தேவைப்படும் சின்ன உறுப்பு இது. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவையில் அதன் வலிமை பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை நிரப்பவே கம்பி. ஆகவே இழுவை எங்கே வருகிறதோ அங்கே கம்பி இருக்க வேண்டும். இருபுறமும் சுவரில் தங்கிய தளம் நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும், கம்பி கீழே. சுவரிலிருந்து வெளியே நீட்டிய சன்ஷேடில் இது தலைகீழ்: நுனி கீழே தொங்கப் பார்ப்பதால் மேல்பக்கம் இழுபடும், கம்பி மேலே. 75 மி.மீ. கனமுள்ள சன்ஷேடில் முதன்மைக் கம்பி அடியிலிருந்து 55 மி.மீ. உயரத்தில் கட்டப்பட்டதாகக் கொள்வோம். கான்கிரீட் கொட்டும்போது சட்டி ஏந்திய ஒருவர் அதை மிதித்து 25 மி.மீ. அமுக்கிவிட்டால், தாங்குதிறன் பாதிக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். மேலே பூசி முடித்தபின் இது யார் கண்ணுக்கும் தெரியாது. முட்டுப் பிரித்ததும் ஒடிந்து விழும் சன்ஷேடுகளில் பல, சிமெண்ட் குறைந்ததால் விழுந்தவை அல்ல. கம்பி இறங்கியதால் விழுந்தவை. கம்பிக்கு அடியில் நாற்காலி போல வளைத்துக் கட்டும் துண்டுக் கம்பிகளும் கவர் பிளாக்குகளும் சில நூறு ரூபாய்க்கு இதைத் தடுக்கும்.

தளம் போடும் நாள் வீட்டுக்கு ஒரு திருவிழா. ஆயிரம் சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 11.8 கன மீட்டர் கான்கிரீட். எடை 29 டன் சொச்சம். இத்தனையும் இறுகும்வரை சென்ட்ரிங் தகடுகளுக்கு அடியிலுள்ள முட்டுகளின் தலையில்தான் நிற்கும். முட்டு நிற்கும் மண் ஈரமாக இருந்தால் ஓரிரண்டு புதைந்து, தளத்தில் என்றென்றைக்கும் ஒரு தொய்வு விழும். அடியில் பலகை வைப்பது அதற்காக. கொட்டிய கான்கிரீட்டை வைப்ரேட்டர் விட்டு அதிர வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். 5 சதவீதக் காற்று உள்ளே தங்கினால் வலிமையில் 30 சதவீதம் வரை போகும். நடுவில் வேலையை நிறுத்தினால் பழைய விளிம்பு இறுகத் தொடங்கி, புதியது அதோடு ஒட்டாது. பின்னாளில் மழைத் தண்ணீர் சொட்டும் கோடு அதுவே. அன்றைக்கு வேலையாட்கள் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்காராமல் பந்தி பிரித்துச் சாப்பிடுவது நல்லது.

இனி வருவது காற்று. தை, மாசியில் வானம் தோண்டிய வீடு பெரும்பாலும் வைகாசி, ஆனியில் தளத்துக்கு வருகிறது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகள் வழியாகப் பாய்ந்து வரும். மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு வருவதால், குற்றாலத்தில் சாரலாக இருக்கும் அதே காற்று வடக்கே வரவர வறண்டு வீசும். புதிய தளத்தில் சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ நீர் ஆவியானால் மேற்பரப்பு வெடிக்கும் அபாயம் உண்டு என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆயிரம் சதுர அடித் தளத்தில் அது மணிக்கு 90 லிட்டருக்கு மேல். அடியிலிருந்து கசிந்து மேலே வரும் நீரைவிட வேகமாகக் காற்று குடித்துவிட்டால், இன்னும் இறுகாத மேற்புறம் சுருங்கி நெடுகக் கோடு கோடாக வெடிக்கும். மாலையில் ஆள் போனபின் இரவே இது நடந்து முடியும். வெடிப்பின் மேல் சிமெண்ட் பாலை ஊற்றி மறைப்பது வழக்கம். அது கண்ணைத்தான் ஏமாற்றும். அதிகாலையில் தொடங்கி, முடிந்த பகுதிகளை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளாலோ ஈரச் சாக்காலோ மூடுவதே வழி.

மறுநாள் காலை தளத்தைச் சுற்றிலும் குறுக்கிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். நெல்வயல் போலத் தெரியும் இந்தக் காட்சிதான் கட்டுமானத்தின் முக்கியமான கட்டம். வெறும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. ஆனால் இன்று வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஃப்ளை ஆஷ் கலந்த பிபிசி. அந்தச் சாம்பல் சிமெண்ட் வினையில் பிறந்த கால்சியம் ஹைட்ராக்சைடைப் பிடித்துப் பின்னர்தான் வினைபுரிகிறது, மெதுவான வேலை. அதற்கு 14 நாள் பரிந்துரைக்கப்படுகிறது. பழைய ஏழு நாள் வழக்கத்தைப் புது சிமெண்டுக்கும் வைத்திருப்பது இன்று கட்டுமிடங்களில் நடக்கும் பரவலான தவறு. தளத்துக்குத் தண்ணீர் நிறுத்திவிட்டுப் பில்லர்களை மறந்துவிடுவது இன்னொன்று. நிமிர்ந்து நிற்கும் பில்லரில் தண்ணீர் தங்காது. சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். வீட்டின் மொத்த எடையையும் சுமப்பது அதுதான்.

சென்ட்ரிங் பிரிப்பதற்கும் கணக்கு இருக்கிறது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. இவை வெறும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கும், 15 பாகைக்குக் குறையாத வெப்பநிலைக்கும் உரியவை. பிபிசிக்குக் கூடுதலாகச் சில நாள் விடுவது பாதுகாப்பு. சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் முட்டை நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரித்து வர வேண்டும். சுவர்ப் பக்கம் முதலில் எடுத்தால், நுனியில் மிஞ்சும் முட்டு உறுப்பை வேறு விதமாக வளைத்து, கம்பியில்லாத அடிப்பக்கத்தை இழுபட வைக்கும்.

பூச்சு வேலைக்கு எம் சாண்டில் மெல்லிய ரகமான பி சாண்ட். சுவரும் பில்லரும் சேரும் கோட்டில் கோழிவலை அடித்துப் பூச வேண்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. வலை இல்லாத இடத்தில் முதல் கோடையிலேயே நேர்கோடாக வெடிப்பு விழும். அது அழகுக் கேடு, ஆபத்தில்லை.

மொட்டைமாடிக்குப் பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். கோடைப் பகலில் சுட்ட தளம் வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்து, சரியாகத் தூங்கப் போகும் நேரத்தில் அறைக்குள் இறக்கும். துளைகள் நிறைந்த செங்கல் ஜல்லி அந்த வெப்பத்தைத் தாமதப்படுத்தும். செலவு குறைந்த மாற்று, வெள்ளைப் பூச்சு. அது வெயிலை வாங்காமலேயே திருப்பி அனுப்பும். எதைப் போட்டாலும் மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் வைக்காவிட்டால் வீண். தேங்கிய தண்ணீர் இறங்க வழி கண்டுபிடித்துவிடும்.

பெயிண்டுக்கு அவசரம் கூடாது. புதுப் பூச்சில் ஈரமும் காரமும் மிகுந்திருக்கும்; அந்த நிலையில் அடித்த பெயிண்ட் கொப்புளித்து உரியும், உப்புப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூசிய வீட்டைத் தையில் பால் காய்ச்ச வேண்டும் என்றால், உள்ளே சுண்ணாம்போ மட்டரகப் பெயிண்டோ அடித்துக் குடியேறி, ஒரு கோடை கழித்து நல்ல பெயிண்ட் அடிப்பதே உத்தமம்.

குடியேறிய முதல் ஆண்டில் வீடு இன்னும் சுருங்கிக்கொண்டும் அமர்ந்துகொண்டும் இருக்கும். பூச்சில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் சுருக்கத்தால் வருபவை. பட்டி பார்த்து மூடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு வேறு வகை. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் வீடு அமர்ந்துவிட்டது, பூசிக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்து, வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டியிருந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. அப்போது அழைக்க வேண்டியது பெயிண்டரை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரை.